பின்னால் வந்த ‘மா’

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “‘மா’ முன்னாடி வந்துச்சா, பின்னாடி வந்துச்சா?” என்பதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்கக்கா கெடச்சிருக்கா. அதக் கேக்காம மாவக் கேக்கறீங்களே!”

“கோவிச்சுக்காத மஞ்சு. அதுலதான் எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணு ‘மா கலா’ன்னு சொல்லுச்சா, ‘கலாமா’ன்னு சொல்லுச்சா? யோசிச்சுச் சொல்லு.”

யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? யாங்கோனுக்கு வெளியே, தன்லியினில் ஒரு மடத்துக் கூடத்தில், சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். காணாமல் போனவர்களின் போட்டோக்களை ஒட்ட அங்கே ஒரு சுவரே இருக்கிறது. போன மழைக்காலத்தில் அக்காவின் போட்டோவை அதில் ஒட்டி, ‘அக்கா, பெயர் கலா’ என்று பர்மிய எழுத்தில் எழுதி, எங்கள் போன் நம்பரையும் போட்டுவிட்டு வந்திருந்தோம். அங்கிருந்துதான் யாரோ ஒரு பெண் பேசினாள். பின்னால் லாரிச் சத்தமும் ஆள் சத்தமும் போனை முழுங்கிவிட்டன. “கலா... மா... இங்க இருக்காங்க, யாரோடயும் பேச மாட்டேங்கறாங்க, சீக்கிரம் வாங்க.” இவ்வளவுதான் காதில் விழுந்தது. கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. கூடத்தைக் காலி செய்கிறார்கள். சொந்தக்காரர் வந்து அழைத்துப் போகாதவர்களை இன்று மத்தியானம் லாரியில் ஏற்றி அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கேட்டதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அது தெரிந்ததால்தான் எனக்கு அத்தனை கோபம். பர்மியர்கள் ஒரு பெண்ணை மரியாதையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ‘மா’ பெயருக்கு முன்னால் வரும். எங்கள் அக்கா என்றால் ‘மா கலா’. ஆனால் ‘கலா’ என்பது அந்தப் பாஷையில் நம் ஆட்களைக் குறிக்கிற சொல்லும்கூட. தமிழோ தெலுங்கோ, கோயிலோ பள்ளிவாசலோ, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்றால் எல்லாரும் கலாதான். சிரித்துக்கொண்டு சொன்னால் கேலி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் திட்டு. அதன் வாலில் ‘மா’ ஒட்டிக்கொண்டால் அது யாருடைய பெயரும் இல்லை. பெயர் தெரியாத நம்மவள் எவளோ ஒருத்தி, அவ்வளவுதான்.

“முன்னாடிதான் வந்துச்சு” என்றேன்.

“நிச்சயமா?”

“நீங்க வர்றீங்களா இல்லியா?”

அவர் பெயர் உதயசூரியன். போட்டாதாங்கில் படகுத்துறைக்கு எதிரே ஒரு கிட்டங்கியில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவர் கோ நே. ‘கோ’ ஆண்களுக்குப் போடுகிற மரியாதை, ‘நே’ என்றால் பர்மிய மொழியில் சூரியன். பெயரில்தான் சூரியன், ஆள் எப்போதும் மழை வரும் மழை வரும் என்று குடையைத் தேடுகிறவர். அன்றைக்கும் சட்டையை மாட்டிக்கொண்டே, “உங்கக்கா வாயத் தெறக்க மாட்டேங்கறாளாமே, அது நம்பற மாதிரியா இருக்கு?” என்றார்.

அது எனக்கும் உறுத்தியது. கலா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. சித்தாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற தயெகோன் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பர்மியப் பெயர் வைத்தார்கள். நான் மி மி ஆனேன். கலா மட்டும் மாட்டேன் என்று விட்டாள். “எம் பேரு கலா. அது ஒங்க பாஷையில திட்டுன்னா ஒங்க பாஷைய மாத்துங்க” என்று சொன்னவள் அவள். ஒருமுறை தலைமையாசிரியர் ஜன்னலை உடைத்தது நீயா என்று கேட்டதற்கு, அவசரத்தில் தமிழில் ‘ஆமா’ என்று சொல்லிவிட்டாள். பர்மிய மொழியில் ‘அமா’ என்றால் அக்கா. மீசை வைத்த மனுஷனை அக்கா என்று கூப்பிட்டதாக வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பர்மியர்களிடம் ‘ஆமா’வை மறந்துவிட்டு ‘ஹொக்கெ’ என்று சொல்லப் பழகிக்கொண்டோம். கலாவும் பழகிக்கொண்டாள். ஆனால் தெருவில் யாராவது ‘ஏய் கலா’ என்று கத்தினால் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போவோம், அவள் மட்டும் நின்று திரும்பி, “என்ன? எம் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பாள். கத்தினவன் நடையைக் கட்டுவான்.

ஊரில் குண்டு விழ ஆரம்பித்ததும் நாங்கள் ஆற்றைக் கடக்க ஓடினோம். கரையில் ஒரே நெரிசல். நானும் வீட்டுக்காரரும் கலாவும் ஏறிய படகில் பாரம் அதிகமாகிவிட்டது. படகுக்காரன் துடுப்பை நீட்டி, “ஏய் கலாமா, இறங்கு! அடுத்த படகுல வா!” என்று கத்தினான். அவன் என்னைச் சொன்னானா அவளைச் சொன்னானா என்று யாருக்கும் தெரியாது. கலா சிரித்துக்கொண்டே, “எம் பேரத்தான்டி சொல்றான்” என்று தண்ணீரில் குதித்துவிட்டாள். அவள் கையை எட்டிப் பிடிப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது. அடுத்த படகு நாங்கள் இறங்கிய கரைக்கு வரவே இல்லை. சுடுகிற சத்தம் கேட்டு அது ஆற்றோடு கீழே போய்விட்டது என்றார்கள். அதற்கப்புறம் அக்காவைப் பற்றி நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

யாங்கோன் வந்து எங்களுக்கு ஒண்டிக்கொள்ள ஓர் அறை கிடைத்தது. லத்தாவில் ஒரு மொத்தக் கடையில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலை எனக்கு. கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து ‘கலா’ என்றால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். என்னைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தன்லியினுக்கு லைன் கார் பிடித்தோம். லைன் கார் என்றால் பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட சின்ன லாரிதான். போகும்போது பாலத்தில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. யாங்கோனை விட்டு வெளியே போகிறவனைப் பற்றி யாருக்கென்ன கவலை? உள்ளே வருகிற வண்டிகள் எதிர்வரிசையில் நீளமாக நின்றன. ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது நம்மோடு அடையாள அட்டை இல்லாத ஓர் ஆள் இருப்பாள் என்ற நினைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

மடத்து வாசலில் லாரிகள் என்ஜினை நிறுத்தாமல் நின்றன. ஜனங்கள் பாயும் பானையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது, ஊருக்குப் போய் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போகிறவர்கள் முகத்தில் ஊருக்குப் போகிற சந்தோஷம் ஒரு துளி இல்லை.

போன் செய்த பெண் ஓடிவந்தாள். கன்னத்தில் பூசியிருந்த தனகா மரப்பட்டைச் சாந்து வேர்வையில் பாதி கரைந்திருந்தது. “நல்லவேள வந்தீங்க. போட்டோச் சுவத்துல இருக்கறவங்கள மட்டும்தான் சொந்தக்காரங்ககிட்ட விடறாங்க. போன மாசம் பேக்டரிக்கு ஆள் பிடிக்கறவங்க வந்து, சித்தப்பன் பெரியப்பன்னு சொல்லி ரெண்டு பொண்ணுங்களக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து ரொம்பக் கெடுபிடி” என்றாள் பர்மிய மொழியில்.

“ஆளக் கூட்டிட்டுப் போனா போட்டோவ என்ன பண்ணுவீங்க?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த நேரத்தில் அவர் ஏன் அதைக் கேட்டாரோ.

“எடுத்துருவோம். மத்த கூடங்களுக்கும் சொல்லிருவோம். அங்கயும் எடுத்துருவாங்க. ஆள் கெடச்சாச்சு, அப்புறம் எதுக்குத் தேடணும்?”

கூடத்தின் கோடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அதே அகலமான தோள். கழுத்துக்குக் கீழே அதே மாதிரி இறுக்கி முடிந்த கொண்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற அதே வழக்கம். “அக்கா” என்றேன். திரும்பவும், “அக்கா, நாந்தான், மஞ்சு” என்றேன். அவள் திரும்பவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, கூடமே கேட்கிற மாதிரி, “கலா!” என்று கத்தினேன்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எவளோ எவளையோ திட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. தலையை இன்னும் கீழே தாழ்த்திக்கொண்டாள்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குத் திரும்பாதவள் என் அக்காவாக இருக்க முடியாது.

ஆனாலும் முன்னால் போய்ப் பார்த்தேன். வேறு முகம். ஒட்டிப்போன கன்னம், மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். ஆனாலும் அந்த முதுகோடும் அந்தக் கொண்டையோடும் அவள் கலாவாக இல்லாமல் வேறு யாராகவோ இருந்தாளே என்று, ஓங்கி ஓர் அறை விடலாம் போலக் கோபம் வந்தது.

“இவங்க பேரு என்ன?” என்று போன் செய்த பெண்ணிடம் கேட்டேன்.

“சொல்லவே மாட்டேங்கறாங்க. வந்ததுலேருந்து வாயத் தெறக்கல. நாங்க கலாமான்னுதான் கூப்பிடுவோம். சுவத்துல ஒங்க போட்டோவப் பாத்தப்ப இவங்களாத்தான் இருக்கும்னு தோணுச்சு.”

‘மா’ பின்னால்தான் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டையாவது போட்டிருப்பேன். “போலாம் மஞ்சு” என்று மட்டும் சொன்னார்.

திரும்பினேன். நான் இடுப்பில் சுற்றியிருந்த லொஞ்சியின் ஓரத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவள்தான்.

“தமிழா நீ?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். எத்தனையோ நாளாகப் பேசாத தொண்டை, கரகரத்தது.

“ஆமா” என்றேன்.

அந்த நேரம் பார்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஓர் அதிகாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். “இந்தக் கலாமாவுக்கு ஆள் வந்தாச்சா? என்ன ஒறவு?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நான் அவளுக்குச் சொன்ன பதிலைத் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டார். “அமாவா? சரி, அக்கா” என்றார். நேரே சுவர் பக்கம் போனார். கலாவின் போட்டோவுக்குக் கீழே இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். “அக்கா. பேரு கலா. சரியாத்தான் இருக்கு.”

பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டதாக நினைத்த சொல், இத்தனை வருஷம் கழித்து, இந்த இடத்தில் வந்து காலை வாரிவிட்டது. ‘மஹொபூ’, இல்லை, என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல்.

“போட்டோவக் கழட்டப் போறாரு மஞ்சு” என்று என் வீட்டுக்காரர் காதோடு சொன்னார். “இல்லன்னு சொல்லு. அது போயிடுச்சுன்னா அப்புறம் உங்கக்காவ யாரும் தேட மாட்டாங்க. சொல்லு.”

அவள் என் லொஞ்சியை விடவில்லை. அவளும் பர்மா தேசத்தில் பிறந்தவள்தானே, அதிகாரி சொன்னது அவளுக்கும் புரிந்துவிட்டது. “என்ன லாரில ஏத்த விட்றாதம்மா” என்றாள். மெதுவாக, அவசரமாக, உதடு அசையாமல் பேசினாள். “சண்ட முடிஞ்சுச்சுன்னு போன தடவையும் இதத்தான் சொன்னாங்க. நம்பிப் போனோம். எங்க வீட்டு வாசல்லயே வெடி பொதச்சு வெச்சிருக்கு. ஆட்ட அவுத்து விடறேன்னு முன்னாடி போனாரு என்னக் கட்டின மாப்ள. நான் பின்னாடி வந்தேன். பொதைக்க முழுசாக்கூட கெடைக்கல. நான் அங்க போ மாட்டேன். எம் பேரச் சொன்னா ஒவ்வொரு செக்போஸ்டுலயும் எறக்கி விடறாங்க, அதனாலதான் சொல்லல. எனக்கு ஒரு வீடு வாசல் வேணாம். லாரில மட்டும் ஏத்தாத.”

என் வீட்டுக்காரர் என்னை விட்டு ஓரடி விலகி நின்றுகொண்டார். வெளியே முதல் லாரி கிளம்பிவிட்டது. மைக்கில் அடுத்த ஊரின் பெயரைச் சொன்னார்கள்.

அதிகாரி போட்டோவை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தவர், நிறுத்தினார். கண்ணாடியைக் கீழே இறக்கி, போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இதுல சிரிச்சிட்டிருக்காங்க. முன்பல்லு சந்து நல்லாத் தெரியுது. இவங்களக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

அவளுக்கு முன்பல்லில் சந்து இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். லொஞ்சியை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள்.

சுவரில் கலா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. எவனோ ஏதோ சொன்னதற்கு வயிறு குலுங்கச் சிரித்தபோது எடுத்தது. அவளிடம் கேட்டேன், மனதுக்குள்தான். என்னடி செய்யட்டும்? அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? ‘எம் பேரத்தான்டி கேக்கறா’ என்று சொல்லிக் குதித்திருப்பாள். அவளுக்கு அது சுலபம். எனக்கு அப்படி இல்லை. எனக்கு என் அக்கா வேண்டும்.

கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அதிகாரியின் மேல் பாய்ந்துவிட்டேன்.

“சிரிக்கணுமா ஐயா? வீடு எரிஞ்சவள, கண்ணு முன்னாடி புருஷனப் பறிகொடுத்தவள, சிரின்னா எப்படிச் சிரிப்பா? நீங்க சிரிச்சுக் காட்டுங்க, அப்புறம் அவ சிரிப்பா.”

போன் செய்த பெண் பயந்து போய் என்னைப் பார்த்தாள். அதிகாரியின் காது சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, “நான் என் வேலையப் பாக்கறேன். கடைசியாக் கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.

முதல்முறை அது வாய் தவறி வந்த தமிழ். இந்த முறை நான் பர்மிய மொழியில், ஒவ்வோர் எழுத்தாக, அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன்.

“அமா. என் அமா.”

அவர் போட்டோவைப் பிய்த்தார். ஒரு மூலை பசையோடு சுவரிலேயே நின்றுவிட்டது. எனக்குக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கொடுத்தார். மார்போடு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ‘மா கலா’ என்று ஒரு சீட்டெழுதி அவள் கையில் கொடுத்தார்கள். ‘மா’ முன்னால் இருந்தது.

திரும்பி வரும் லைன் காரில் எங்களோடு மீன்கூடைக்காரக் கிழவி ஒருத்தியும், கோழிகளோடு இரண்டு பேரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, தமிழில், தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தேன்.

“பாலத்துல வண்டிய நிறுத்துவாங்க. பேரு கேட்டா கலான்னு சொல்லணும். அவங்க ‘ஏய் கலா’ன்னு திட்டற மாதிரி கத்தினாலும் அது ஒங்களத்தான். திரும்பணும். தலையக் குனிஞ்சீங்கன்னா போச்சு. அப்புறம் எதக் கேட்டாலும் ‘ஆமா’ மட்டும் சொல்லாதீங்க.”

“தெரியும்” என்றாள். “எனக்கும் பள்ளிக்கூடத்துல அதே கூத்துதான்.” அப்புறம் என் காதோடு, “எம் பேரு நூருன்னிசா” என்றாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

பாலத்து முனையில் வண்டி நின்றது. துப்பாக்கியோடு ஒருவன் பின்படியில் ஏறினான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். வெயிலில் நின்று நின்று கடுப்பில் இருந்தான். என் வீட்டுக்காரரின் அட்டையைப் பார்த்தான். என் அட்டையைப் பார்த்தான். எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்து உதட்டைச் சுழித்தான். நூருன்னிசா மூலையில், கோழிக்கூடைக்குப் பின்னால் ஒடுங்கி, கம்பிக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், கலா!” என்று கத்தினான்.

அவள் திரும்பவில்லை.

தோள்கள் இரண்டும் இறுகியதை நான் பார்த்தேன். தலை இறங்க ஆரம்பித்தது. இத்தனை நாள் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒளிந்து பழகிய தலை. நான் சொல்லிக்கொடுத்தால் மட்டும் ஒரு மணி நேரத்தில் மாறிவிடுமா? என் வீட்டுக்காரர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் கையை நீட்டி அவள் தோளைத் தொடப் போனான். மனதுக்குள் கத்தினேன். திரும்புடி, திரும்பு.

திரும்பினாள். மெதுவாக, தலையை நிமிர்த்திக்கொண்டு திரும்பினாள். “ஹொக்கெ. என்ன தம்பி?” என்றாள் நல்ல பர்மிய மொழியில்.

“பேரு?”

“இப்பத்தானே கூப்பிட்ட.”

அவனுக்குப் புரியவில்லை. “பேரக் கேட்டேன்.”

“அதான் பேரு. கலா. மா கலா.” சீட்டை நீட்டினாள். “எங்க அம்மா அப்பா வெச்சது. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?”

மீன்கூடைக் கிழவி கெக்கெக்கென்று சிரித்தாள். கோழிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அவன் சீட்டைப் பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் சீட்டை அவள் மடியில் போட்டுவிட்டு, “போ, போ” என்று வண்டியைத் தட்டிவிட்டு இறங்கினான்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கலா தெருவில் இப்படித்தான் கேட்பாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி பாலத்தில் ஏறியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ மாதமாக இந்த ஊர் முழுக்க அந்தப் பெயரைத் தேடி அலைந்தேன். அந்தப் பெயருக்கு ஒருத்தி திரும்பிவிட்டாள். அவள் என் அக்கா இல்லை. மிளகாய் கிள்ளிய விரல், கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதையும் மறந்து துடைத்துவிட்டு, எரிச்சலில் இன்னும் அழுதேன்.

நூருன்னிசா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். “அந்தப் போட்டோவக் காட்டு” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். “நல்லாச் சிரிக்கறா. அவ வர்ற வரைக்கும் வெச்சுக்கறேன். வந்தா பேரத் திருப்பிக் குடுத்துடறேன்” என்றாள்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். “அறை ஒண்ணுதான் இருக்கு. நான் வராண்டாவுல படுத்துக்கறேன்” என்றார். குடையைத் தேடுகிற மனுஷனிடமிருந்து அதற்குமேல் நான் என்ன எதிர்பார்க்க முடியும்?

நாங்கள் இறங்க வேண்டிய போட்டாதாங் திருப்பத்தில் ஆட்கள் ஏற நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பின்படியில் தொங்கிக்கொண்டு காசு வாங்குகிற ஆள் எங்கள் மூலையைப் பார்த்துக் கத்தினான். “கலாமா, இறங்கு! இறங்கு!”

அவளைச் சொன்னானா என்னைச் சொன்னானா என்று தெரியவில்லை. அவள் எழுந்துவிட்டாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு நோகும்படி பிடித்திருப்பேன்.

“இரு, அக்கா” என்றேன். “நானும் வர்றேன்.”

இரண்டு பேரும் ஒன்றாகவே இறங்கினோம்.